எச்சரிக்கை நீக்கமும் மூலபாடத் திருத்தமும்: சி மொழி நிரல்களில் தமிழ் எழுத்து (உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பாடத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

சி மொழியில் எழுதப்பட்ட கட்டளைவரி நிரல்களை நிரல்பெயர்ப்பியிடம் கொடுக்கும்போது அது பிழைகளை மட்டுமன்றி எச்சரிக்கைகளையும் வெளியிடுகின்றது. இவ்வெச்சரிக்கைகளை நீக்குவது நிரலாளரின் அன்றாடத் துப்புரவுப் பணியாகக் கருதப்பட்டு வந்துள்ளது. தமிழ்ப் பாடங்களைக் கையாளும் பழைய நிரல்களைப் பொறுத்தவரை இப்பணி மூலபாடத் திருத்தத்திற்கு நிகரானது என்றும், எச்சரிக்கை எழுந்த வரலாற்றுக் காரணத்தை அறியாமல் அதனை அடக்குவது தமிழ்த் தரவுக்குக் கேடு விளைக்கும் என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. உத்திரமேரூர் என்னும் ஊர்ப்பெயரும் அவ்வூர்க் கல்வெட்டுகளின் எழுத்தமைதியும் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச் சொற்கள்: சி மொழி, நிரல்பெயர்ப்பி, எச்சரிக்கை, திஸ்கி, ஒருங்குறி, கிரந்தம், உத்திரமேரூர்

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுந்தப்பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் இரு ஆணைகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டிற்கும் (கி.பி. 919) மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டிற்கும் (கி.பி. 921) உரியன. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழி தேர்ந்தெடுக்கும் முறையை இரண்டும் வகுக்கின்றன. இரண்டே ஆண்டுகளில் விதி திருத்தப்பட்டது என்பதே வரலாற்றாய்வாளர் கவனத்தை ஈர்த்த செய்தியாகும். முதல் ஆணையில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு இரண்டாம் ஆணையில் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் தகுதியிழப்பர் என்னும் விதியில், உறவினர் யார் யார் என்பது முறைப்பெயர் சுட்டி ஒவ்வொன்றாக எண்ணப்பட்டது. ஓலையைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, பலரறியப் படிக்கும் முறையும் விரிவாகக் கூறப்பட்டது.

இத்திருத்தத்தில் இரு கூறுகள் நோக்கத்தக்கன. ஐயத்திற்கு இடமளித்த சொல் விளக்கம் பெற்றது என்பது ஒன்று. பழைய ஆணை அழிக்கப்படாமல் புதிய ஆணையோடு உடன்நிற்கின்றது என்பது மற்றொன்று. கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய ஆய்வுகளில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய முடிந்ததற்கு இவ்வுடன்நிலையே அடிப்படையாகும். நிலவுரிமையும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கு மட்டுமே உரிய விதிகள் இவை. ஆதலின் இன்றைய மக்களாட்சியோடு இவற்றை ஒப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. எழுதப்பட்ட விதியொன்று எவ்வாறு திருத்தப்பட வேண்டும் என்பதற்கான சான்றாகவே இவை இங்குக் கொள்ளப்படுகின்றன. கணிப்பொறி நிரலும் எழுதப்பட்ட விதியே ஆகும்.

எச்சரிக்கையின் தோற்றம்

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியால் உருவாக்கப்பட்டது. அக்காலக் கணிப்பொறிகளில் நினைவகம் மிகக் குறைவு. எனவே நிரல்பெயர்ப்பி சிறியதாகவும் விரைவானதாகவும் இருத்தல் வேண்டும் எனக் கருதப்பட்டது. ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டும் பணி அதனிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஸ்டீபன் ஜான்சன் எழுதிய லின்ட் என்னும் தனி நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் லின்ட் இடம்பெற்றது. நிரலை இயங்கும் வடிவிற்கு மாற்றுவது ஒரு கருவி, அதன் நம்பகத்தன்மையை ஆராய்வது மற்றொரு கருவி என்பதே அன்றைய நிலை.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி நிரல்பெயர்ப்பியின் வளர்ச்சியில் இவ்விரு பணிகளும் படிப்படியாக ஒன்றாயின. ‘டபிள்யூ-ஆல்’ என்னும் விருப்பத்தேர்வைக் கட்டளையில் சேர்த்தால் பல வகை எச்சரிக்கைகள் ஒருங்கே கிடைக்கும். பெயர் அனைத்தையும் குறிப்பினும் அஃது அனைத்து எச்சரிக்கைகளையும் தருவதில்லை. எவை பெரும்பாலும் தவற்றைக் காட்டுமோ அவையே அதனுள் தொகுக்கப்பட்டுள்ளன. இவ்வரையறை தமிழுக்கு ஏற்படுத்தும் விளைவு பின்னர் விளக்கப்படும்.

பிழை என்பது மொழியின் விதியை மீறுவது. எச்சரிக்கை என்பது விதிக்கு உட்பட்டிருந்தும் எழுதியவர் கருத்து வேறாக இருக்கலாம் என்னும் ஐயம். ஆகவே எச்சரிக்கைக்கு விடை காண்பவர், நிரலை எழுதியவர் என்ன கருதினார் என்பதை உய்த்துணர வேண்டியவராகின்றார். மூலபாட ஆய்வாளர் ஏட்டில் பிறழ்ந்த சொல்லைக் காணும்போது செய்வதும் இதுவேயாம்.

எழுத்து எதிர்ம எண்ணாகும் நிலை

சி மொழியில் ஓர் எழுத்தைச் சேமிக்கும் தரவினம் ‘சார்’ எனப்படும். பெரும்பாலான கணிப்பொறிகளில் அது 8 பிட்டு அளவுடையது. அதன் மதிப்பு 0 முதல் 255 வரையா, −128 முதல் 127 வரையா என்பதை 1989ஆம் ஆண்டுத் தரநிலை முடிவு செய்யாமல் ஒவ்வொரு கணிப்பொறி அமைப்பிற்கும் விட்டுவிட்டது. இதற்குக் காரணம் வரலாறே. சி மொழி வளர்ந்த பிடிபி-11 கணிப்பொறியில் ஒரு பைட்டைப் பதிவகத்திற்கு ஏற்றும்போது அதன் குறிப்பிட்டு நீட்டிக்கப்படும். எனவே 127க்கு மேற்பட்ட மதிப்பு எதிர்ம எண்ணாகிவிடும். வேறு கணிப்பொறிகளில் அவ்வாறில்லை. இன்றும் லினக்சு இயங்கும் இன்டெல் வகைக் கணிப்பொறிகளில் ‘சார்’ குறியுடையது. ஆர்ம் வகைக் கணிப்பொறிகளில் குறியற்றது.

மொழிக்குரிய அடிப்படை எழுத்துத் தொகுதியின் உறுப்புகள் எதிர்ம எண்ணாகா என்று தரநிலை உறுதி கூறுகின்றது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் அத்தொகுதியில் அடங்கும். தமிழ் எழுத்துகள் அதற்கு வெளியே நிற்பவை. எனவே ஆங்கிலப் பாடத்தில் ஒருபோதும் வெளிப்படாத தவறு தமிழ்ப் பாடத்தில் முதல் எழுத்திலேயே வெளிப்படும்.

1990களின் இறுதியில் புழக்கத்திற்கு வந்த திஸ்கி குறியாக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்னும் சொல் 190, 193, 162, 250 என்னும் நான்கு பைட்டுகளால் ஆனது. ‘சார்’ குறியுடையதாயின் இவை −66, −63, −94, −6 என்றாகும். ஒரு பைட்டு எழுத்தா, எண்ணா, இடைவெளியா என்று வினவும் ‘இஸ்ஆல்பா’ முதலிய செயற்கூறுகள், அம்மதிப்பை ஓர் அணியின் சுட்டெண்ணாகக் கொண்டு விடை காண்பது வழக்கம். எதிர்ம எண் சுட்டெண்ணானால் அணிக்கு முன்னுள்ள, தொடர்பற்ற நினைவகப் பகுதி படிக்கப்படும். குறியற்ற மதிப்பையோ கோப்பு முடிவுக் குறியையோ மட்டுமே இச்செயற்கூறுகளுக்குத் தரலாம் என்பது தரநிலையின் விதி. இதனை மீறியதன் விளைவு யாதாகவும் இருக்கலாம்.

இவ்விடத்தில் நிரல்பெயர்ப்பி, ‘அணியின் சுட்டெண் சார் இனத்தது’ என எச்சரிக்கும். ஆயின் எல்லா அமைப்பிலும் இது வெளிப்படுவதில்லை. நியூலிப் நூலகத்தின் தலைப்புக் கோப்பில் இம்மேக்ரோக்கள் எச்சரிக்கை எழ வேண்டும் என்னும் நோக்குடனேயே அமைக்கப்பட்டுள்ளன. இச்செய்தி அக்கோப்பின் குறிப்பிலேயே உள்ளது. ஜிலிப்சி நூலகமோ மாறான வழியைப் பின்பற்றியது. அதன் அட்டவணை −128 முதல் 255 வரை 384 இடங்களைக் கொண்டது; எதிர்ம எண் வரினும் நிரல் குலையாது. ஒரு நூலகம் தவற்றைச் சுட்டியது. மற்றொன்று தவற்றைப் பொறுத்துக்கொண்டது. பொறுத்துக்கொண்ட நூலகத்தின் மீது எழுதப்பட்ட தமிழ் நிரல்கள் தம் தவற்றை அறியாமலேயே இயங்கின என்பது இதனால் பெறப்படும்.

இனமாற்றமும் அதன் எல்லையும்

இவ்வெச்சரிக்கையை நீக்கப் பரவலாகக் கையாளப்படும் வழி, மதிப்பைக் குறியற்ற ‘சார்’ இனத்திற்கு மாற்றித் தருவதாகும். இது சரியான திருத்தமே. −66 மீண்டும் 190 ஆகும், நினைவகம் காக்கப்படும். ஆயினும் 190 என்பது தமிழ் எழுத்து என்று அச்செயற்கூறு அறிந்துகொள்ளாது. எச்சரிக்கை மறைந்தது, எழுத்தை எழுத்தாக அறியும் சிக்கல் எஞ்சியது.

அதே எச்சரிக்கையை வேறொரு வழியிலும் நீக்கலாம். குறியற்ற இனமாக மாற்றாமல், முழுஎண் இனமாக மட்டும் மாற்றினால் நிரல்பெயர்ப்பி அமைதியாகிவிடும். ஆனால் −66 அப்போதும் −66 ஆகவே இருக்கும். இவ்விரு மாற்றங்களும் நிரலில் ஒரு சொல் அளவே வேறுபடுபவை. நிரல்பெயர்ப்பியின் பார்வையில் இரண்டும் தூய்மையானவை. ஒன்று திருத்தம், மற்றொன்று அடக்குதல். இவ்வேறுபாட்டை எச்சரிக்கைகளின் எண்ணிக்கை காட்டாது. திருத்தியவரின் குறிப்பு மட்டுமே காட்டும்.

கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் கண்ணியும் இத்தகையதே. படித்த மதிப்பை முழுஎண் இனத்தில் வைக்காமல் ‘சார்’ இனத்தில் வைத்துக் கோப்பு முடிவுக் குறியாகிய −1 உடன் ஒப்பிடுதல் பழைய நிரல்களில் மிகுதி. ‘சார்’ குறியற்றதாக உள்ள கணிப்பொறியில் அக்கண்ணி ஒருபோதும் முடியாது. ‘ஒப்பீடு எப்போதும் உண்மையாகும்’ என்னும் எச்சரிக்கை இதனைச் சுட்டுவது. ‘டபிள்யூ-ஆல்’ தொகுப்பில் இது இல்லை. ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ என்னும் கூடுதல் தொகுப்பில் உள்ளது.

ஊர்ப்பெயரின் நீளம்

ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவம் பரவிய பின்னர்ச் சிக்கலின் தன்மை மாறியது. தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் அவ்வடிவில் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘உத்திரமேரூர்’ என்னும் பெயரில் எழுத்துகள் ஏழு. ஒருங்குறிக் குறிகள் பன்னிரண்டு. பைட்டுகள் முப்பத்தாறு. திஸ்கியில் இப்பெயர் ஒன்பது பைட்டுகளில் அடங்கியது. நீளத்தை அளக்கும் ‘எஸ்டிஆர்லென்’ என்னும் செயற்கூறு பைட்டுகளையே எண்ணும், எழுத்துகளை எண்ணாது.

திஸ்கி காலத்தில் ஊர்ப்பெயருக்கு 32 பைட்டு அணி ஒதுக்கிய நிரல் ஒன்றில் யூடிஎஃப்-8 பாடத்தை இட்டால், முடிவுக் குறிக்கு ஒரு பைட்டு போக 31 பைட்டுகள் எஞ்சும். பத்துக் குறிகள் முழுமையாக அடங்கும். பதினோராவது குறியின் முதல் பைட்டு மட்டும் நுழையும். விளைவு, ‘உத்திரமேரூ’ என்னும் குறைச்சொல்லும் அதன் பின்னே பொருளற்ற ஒரு பைட்டும் ஆகும். அட்டவணையாக அச்சிடும்போது அகலத்தைக் குறிப்பிட்டாலும் அகலமும் பைட்டுக் கணக்கிலேயே கொள்ளப்படுவதால் நிரல்கள் ஒழுங்கிழக்கும்.

பாடம் வெட்டுண்ணும் இடங்களைச் சுட்டும் எச்சரிக்கைகள் ஜிசிசி 7, 8 ஆம் பதிப்புகளில் (2017, 2018) வந்தன. இவை நீளத்தை முன்கூட்டி அறியத்தக்க இடங்களில் பயன்படும். கோப்பிலிருந்து படிக்கப்படும் பெயர் எவ்வளவு நீளமானது என்பதை நிரல்பெயர்ப்பி அறியாது. மேலும் பைட்டு எல்லையில் வெட்டுவதையும் எழுத்து எல்லையில் வெட்டுவதையும் அது வேறுபடுத்தாது. ஆதலின் எச்சரிக்கை இன்மை தமிழ்ப் பாடம் பாதுகாப்பாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

கிரந்த எழுத்தும் பதினாறு பிட்டும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தமிழில் அமைந்தவை. அவற்றின் வடசொற்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டு வாரியத்தின் பெயரே இதற்குச் சான்று. எழுத்தமைதியை உள்ளவாறு காக்க விரும்பும் பதிப்பாளர் இரு எழுத்துமுறைகளையும் குறியேற்ற வேண்டும். திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய சிலவற்றுக்கே இடமிருந்தது. முழுக் கிரந்தத் தொகுதி 2014இல் வெளியான ஒருங்குறி 7.0 பதிப்பில் இடம்பெற்றது.

தமிழ்த் தொகுதியின் குறியெண்கள் மூவாயிரத்தைச் சூழ்ந்தவை. ‘த’ என்பதன் குறியெண் 2980. கிரந்தத் தொகுதியோ 70400இல் தொடங்குகின்றது. பதினாறு பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 65535. ஒருங்குறி பதினாறு பிட்டில் அடங்கும் எனக் கருதப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் குறியெண்ணைக் குறியற்ற குற்றெண் இனத்தில் வைத்தன. அத்தகைய நிரலில் கிரந்தக் ககரத்தின் எண்ணாகிய 70421ஐ இட்டால் 65536 கழிந்து 4885 எஞ்சும். அவ்வெண் எத்தியோப்பிய எழுத்துத் தொகுதிக்கு உரியது. கல்வெட்டுப் பாடத்தில் கிரந்தம் வரும் இடமெல்லாம் எத்தியோப்பிய எழுத்து தோன்றும்.

இக்குறைப்பைச் சுட்டும் ‘டபிள்யூ-கன்வெர்ஷன்’ என்னும் எச்சரிக்கை சி மொழிக்கு ‘டபிள்யூ-ஆல்’ தொகுப்பிலும் இல்லை. ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ தொகுப்பிலும் இல்லை. தனியே கேட்டாலொழிய வாராது. கேட்டால் பெரும்பாலும் தீங்கற்ற நூற்றுக்கணக்கான இடங்களையும் சேர்த்துச் சுட்டும் என்பதே விலக்கியமைக்குக் காரணம். பொதுப் பயனுக்குச் சரியான அம்முடிவு, தமிழ்க் கல்வெட்டுப் பாடத்திற்குப் பொருந்தவில்லை. எந்த எச்சரிக்கை முதன்மையானது என்பதைத் தரவை அறிந்தவரே முடிவு செய்தல் வேண்டும்.

அடக்கிய எச்சரிக்கையின் விலை

எச்சரிக்கையை அறியாது நீக்கியதன் விளைவுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2006இல் டெபியன் லினக்சு வழங்கலில், ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நூலகத்தைப் பற்றி வால்கிரைண்டு என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகின்றது என்பதே எச்சரிக்கை. அதனை நீக்கும்பொருட்டு இரு வரிகள் விலக்கப்பட்டன. விலக்கப்பட்ட வரிகளுள் ஒன்றே தற்போக்கு எண்ணுக்கான மூலத்தைச் சேர்த்துவந்தது. 2008 மே திங்களில் லூசியானோ பெல்லோ இதனைக் கண்டறியும்வரை, உருவான சாவிகள் செயலி எண்ணை மட்டுமே சார்ந்திருந்தன. ஒவ்வொரு வகைக்கும் இயலக்கூடியவை முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சமே. இஃது இயக்கநேரச் சோதனையின் எச்சரிக்கையே அன்றி நிரல்பெயர்ப்பியின் எச்சரிக்கை அன்று. எனினும் படிப்பினை ஒன்றே: கருவி அமைதியானது, நிரல் பழுதுற்றது.

மாறாக, முறையான ஒழுங்கிற்கும் சான்று உண்டு. ஜிலிப்சி நூலகத்தில் திஸ்கியையும் ஒருங்குறியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் பகுதி புரூனோ ஹைபிளால் 2002இல் எழுதப்பட்டது. ‘ஐகான்வ்’ என்னும் கட்டளைவரி நிரல் இதனைப் பயன்படுத்துகின்றது. திஸ்கியில் ஏகாரக் கொம்பு மெய்க்கு முன்னும் ஒருங்குறியில் மெய்க்குப் பின்னும் வருவதால், ‘மே’ போன்ற எழுத்தை மாற்றும் நிரல் ஒரு குறியை நினைவில் நிறுத்தி மற்றதைக் காத்திருக்க வேண்டும். 2015இல் வெளிவந்த ஜிலிப்சி 2.21 பதிப்பு முதல் எச்சரிக்கைகள் அனைத்தும் பிழைகளாகவே கொள்ளப்படும் என்பது இயல்பமைவாயிற்று. நூலகம் முழுவதற்கும் உரிய அவ்வொழுங்கினுள் தமிழ்ப் பகுதியும் அடங்கிற்று. ஒவ்வொரு மாற்றமும் காரணத்தோடு பதிவேட்டில் உள்ளமையால், பின்வருவோர் அதனைச் சரிபார்க்க இயலும்.

எச்சரிக்கை பிழையாகும் காலம்

செயற்கூறு ஒன்றை முன்னறிவிப்பின்றி அழைத்தால் அது முழுஎண்ணைத் திருப்பும் எனக் கொள்வது பழைய சி மொழியின் வழக்கு. 1999ஆம் ஆண்டுத் தரநிலை இதனை நீக்கிற்று. எனினும் ஜிசிசி நெடுங்காலம் எச்சரிக்கையோடு நின்றது. 2024 மே திங்களில் வெளிவந்த ஜிசிசி 14 இதனையும், சுட்டுகளின் இனப் பொருத்தமின்மை முதலிய சிலவற்றையும் இயல்பாகவே பிழைகளாக்கிற்று. சுட்டும் முழுஎண்ணும் 32 பிட்டாக இருந்த காலத்தில் இவ்வழக்கு தீங்கின்றி இயங்கியது. 64 பிட்டுக் கணிப்பொறியில் சுட்டின் மேற்பாதி இழக்கப்படும்.

இம்மாற்றம் தமிழுக்கு நேரடித் தொடர்புடையது. திஸ்கி காலத்துக் குறியாக்க மாற்றிகள், சொல்லடைவு நிரல்கள், அகரவரிசை நிரல்கள் முதலியவற்றுள் பேணுவாரற்றவை புதிய நிரல்பெயர்ப்பியில் உருவாகாமல் நிற்கலாம். அவற்றை இயக்கியே தீரவேண்டிய ஆய்வாளர்க்கு இரு வழிகள் உள்ளன. பழைய தரநிலையைக் கோரும் விருப்பத்தேர்வைச் சேர்த்து எச்சரிக்கைகளை அணைத்துவிடுவது ஒன்று. ஒவ்வோர் இடத்தையும் ஆராய்ந்து திருத்துவது மற்றொன்று. முதல் வழியால் நிரல் இயங்கும். அது தரும் சொல்லடைவு நம்பத்தக்கதா என்பது மட்டும் தெரியாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தமிழ் நிரல்களில் எழும் எச்சரிக்கைகள் பல, ஆங்கில எழுத்தை மட்டும் கருதி 1970களில் எடுக்கப்பட்ட முடிவுகளின் எச்சங்களாகும். எனவே அவற்றை வரலாற்று நோக்கில் படித்தல் வேண்டும். இரண்டாவதாக, எச்சரிக்கை எழாத இடத்திலும் எழுத்து சிதைதல் கூடும். திருத்திய நிரலை ‘உத்திரமேரூர்’ போன்ற நீண்ட பெயராலும், தமிழும் கிரந்தமும் விரவிய பாடத்தாலும் சோதித்தல் இன்றியமையாதது. மூன்றாவதாக, திருத்தத்திற்கு முந்தைய வடிவும், எந்த எச்சரிக்கைக்காக எந்த வரி ஏன் மாற்றப்பட்டது என்னும் குறிப்பும், திருத்திய வடிவோடு சேர்த்துப் பேணப்பட வேண்டும்.

பதிப்புத் துறையில் பாடவேறுபாடு காட்டாத பதிப்பை ஆய்வுப் பதிப்பாக ஏற்பதில்லை. அப்பதிப்பை உருவாக்க உதவும் நிரலுக்கும் அவ்வளவையே பொருந்தும். உத்திரமேரூர் மண்டபத்தில் 919ஆம் ஆண்டு ஆணை 921ஆம் ஆண்டு ஆணையோடு இன்றும் உடன்நிற்பதனாலேயே, எந்த விதி எவ்வாறு மாறிற்று என்று நம்மால் கூற முடிகின்றது.